டிக்கெட் இல்லாத படம்

இலவசமாகப் படம் காட்டுகிறோம், வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் உள்ளே நுழைவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் காசை யார் கொடுக்கிறார்கள்?

நான் சொல்வது தியேட்டர் சமாசாரம் இல்லை. கல்லூரி செமினார் ஹாலில், ஜன்னல்களில் எல்லாம் பெட்ஷீட் கட்டி இருட்டாக்கிவிட்டு, பஞ்சம், போர், சாதி, சாக்கடை என்று ஏதாவது ஒரு சமூகப் பிரச்னையைப் பற்றி டாகுமெண்டரி காட்டுவார்களே, அது.

நான் பி.காம். படித்த காலத்தில் எங்கள் கல்லூரியிலும் அப்படியொரு வைபவம் நடந்தது. டெக்கையும் டிவியையும் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். எங்கேயோ ஓர் அணைக்காக ஊரைக் காலி செய்தவர்களைப் பற்றிய படம். இடிந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டி பேசிக்கொண்டே இருந்தார். அழவில்லை. அழாமல் பேசியதுதான் என்னவோ செய்தது. படம் முடிந்து விளக்கைப் போட்டதும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். போட்டேன். டீயும் இரண்டு பிஸ்கெட்டும் கொடுத்தார்கள். அடுத்த பீரியட் காஸ்ட் அக்கவுண்டிங். போய்விட்டேன்.

அந்தத் தாள் எங்கே போயிற்று? அந்தப் பாட்டி என்ன ஆனார்? முக்கியமாக, அந்தப் படத்தை அந்தப் பாட்டி பார்த்தாரா?

அன்றைக்கு இதெல்லாம் தோன்றவில்லை. பல வருடங்கள் கழித்து, அமெரிக்காவில் நடந்த ஒரு விவகாரத்தைப் படித்தபோதுதான் தோன்றியது. அங்கேயும் ஆரம்பம் இதே மாதிரி ஒரு இலவசப் படம்தான். ஆனால் டீ, பிஸ்கெட்டோடு முடியவில்லை. சட்டம் வந்தது. ராணுவம் போனது. கடைசியில் கல்லெறியும் நடந்தது.

அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முதலில் உகாண்டாவுக்குப் போக வேண்டும்.

*

கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது உகாண்டா. 1986 ஜனவரியில் யோவேரி முசெவேனி அங்கே ஆட்சியைப் பிடித்தார். துப்பாக்கி முனையில்தான். அவர் தெற்கு, மேற்குப் பக்கத்து ஆதரவோடு வந்தவர். அவருக்கு முன்னால் இருந்த ராணுவத்தில் வடக்குப் பகுதி அச்சோலி இன மக்கள் அதிகம். ஆட்சி மாறினால் என்ன நடக்கும்? பழைய கணக்குகளைத் தீர்ப்பார்கள். வடக்கே பயம் பரவியது. பயத்தில் கிளர்ச்சி முளைத்தது.

முதலில் ஒரு பெண்மணி வந்தார். ஆலிஸ் லக்வெனா. தன் மீது ஒரு ஆவி இறங்கியிருப்பதாகச் சொன்னார். உடம்பில் ஒருவித எண்ணெயைப் பூசிக்கொண்டு போனால் தோட்டா துளைக்காது என்றார். நம்பி ஆயிரக்கணக்கானோர் பின்னால் போனார்கள். தலைநகர் கம்பாலாவை நோக்கி நடந்தார்கள். 1987ல் ஜிஞ்சா என்கிற ஊருக்குப் பக்கத்தில் அந்தப் படை தோற்றுச் சிதறியது. தோட்டா துளைக்கத்தான் செய்தது.

அந்த மிச்சத்திலிருந்து எழுந்தவர்தான் ஜோசப் கோனி. ஓடேக் என்கிற கிராமத்துக்காரர். இவருக்கும் ஆவி, இவருக்கும் கடவுள். பைபிளின் பத்துக் கட்டளைகளின்படி உகாண்டாவை ஆளப்போவதாகச் சொன்னார். அவரது படைக்குப் பெயர் இறைவனின் எதிர்ப்புப் படை. சுருக்கமாக எல்.ஆர்.ஏ.

பத்துக் கட்டளைகளில் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்பதும் ஒன்று. அது மட்டும் எப்படியோ அவருக்கு மறந்துவிட்டது.

படைக்கு ஆள் வேண்டும் அல்லவா? பெரியவர்கள் சேரவில்லை. எனவே பிள்ளைகளைப் பிடித்தார்கள். ராத்திரி கிராமத்துக்குள் புகுவார்கள். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளைக் கயிற்றில் கட்டி இழுத்துப் போவார்கள். பையன்கள் கையில் துப்பாக்கி. பெண் பிள்ளைகள் தளபதிகளுக்கு 'மனைவிகள்'. பல பிள்ளைகளை அவர்களது உறவுக்காரர்களையோ ஊர்க்காரர்களையோ அவர்கள் கையாலேயே கொல்ல வைத்தார்கள். ஏன் தெரியுமா? தப்பித்து ஓடினாலும் திரும்பிப் போக வீடு இருக்கக்கூடாது. அதற்குத்தான்.

இருபது வருடங்களில் இப்படிக் கடத்தப்பட்ட பிள்ளைகள் 20 ஆயிரத்துக்கும் அதிகம்.

ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். லிரா நகரத்திலிருந்து அதிக தூரமில்லை, அபோக்கே. அங்கே ஒரு கன்னியாஸ்திரி மடத்துப் பெண்கள் பள்ளி இருந்தது. 1996 அக்டோபர் 10 அதிகாலை, விடுதிக்குள் புகுந்து 139 மாணவிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். பள்ளியின் துணைத் தலைமை ஆசிரியை ராகேல் ஃபஸ்ஸேரா, இத்தாலியிலிருந்து வந்த கன்னியாஸ்திரி. என்ன செய்தார் தெரியுமா? ஒரு ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கால் தடத்தைப் பார்த்தபடி காட்டுக்குள் பின்னாலேயே போனார். கையில் ஆயுதம் கிடையாது. கெஞ்சினார். மன்றாடினார். 109 பெண்களை மீட்டு வந்தார். முப்பது பேரைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள்.

109 பேரை அழைத்துக்கொண்டு, 30 பேரை விட்டுவிட்டுத் திரும்பி நடந்த அந்த மனுஷியின் மனம் எப்படி இருந்திருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

*

இவ்வளவும் நடந்தபோது உலகம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. செய்தியாகக்கூடப் பெரிதாக வரவில்லை.

2003ல் கலிஃபோர்னியாவிலிருந்து மூன்று பையன்கள் கிளம்பினார்கள். ஜேசன் ரஸ்ஸல், பாபி பெய்லி, லாரன் பூல். மூன்று பேருக்கும் இருபதை ஒட்டிய வயது. கையில் ஒரு கேமரா. சூடான் உள்நாட்டுப் போரைப் படம் பிடிப்பதுதான் திட்டம். அங்கே தேடியது கிடைக்கவில்லை. வட உகாண்டாவுக்கு வந்தார்கள். சாலையில் முன்னால் போன வண்டியைச் சுட்டுவிட்டார்கள் என்று தெரிந்து குலு நகரத்திலேயே தங்க வேண்டியதாயிற்று.

அன்று மாலை அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து சாரி சாரியாகப் பிள்ளைகள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி, தம்பி தங்கையைக் கையில் பிடித்தபடி. ஊரில் தூங்கினால் கடத்திப் போய்விடுவார்கள். எனவே தினமும் இருட்டும் முன்பு நகரத்துக்கு வந்து பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் படுத்துக்கொண்டு விடிந்ததும் திரும்பி நடப்பார்கள். பிரச்னை உச்சத்தில் இருந்தபோது ஒரு ராத்திரிக்கு 40 ஆயிரம் பிள்ளைகள் வரை இப்படி நடந்திருக்கிறார்கள்.

அங்கே ஜேக்கப் என்று ஒரு சிறுவன் கேமரா முன்னால் பேசினான். அண்ணனை அவன் கண்ணெதிரே கொன்றிருந்தார்கள். பேசிக்கொண்டே வந்தவன் தாங்க முடியாமல் உடைந்து அழுதான். இதை நாங்கள் நிறுத்துவோம் என்று ரஸ்ஸல் அவனுக்கு வாக்குக் கொடுத்தார்.

கவனியுங்கள். இருபத்துச் சொச்சம் வயதுப் பையன் ஒருவன், கையில் கேமராவை வைத்துக்கொண்டு, ஒரு போரை நிறுத்துவதாகச் சத்தியம் செய்கிறான். அபத்தம்தான். ஆனால் மனப்பூர்வமான அபத்தம்.

ஊர் திரும்பினார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும் படத்தைத் தயாரித்தார்கள். 'கண்ணுக்குத் தெரியாத குழந்தைகள்' என்று பொருள் வரும்படி 'இன்விசிபிள் சில்ட்ரன்' என்று பெயர் வைத்தார்கள். அதே பெயரில் ஒரு தொண்டு நிறுவனத்தையும் ஆரம்பித்தார்கள்.

இப்போது வியாபாரக் கேள்வி. இந்தப் படத்தை எங்கே போடுவது? தியேட்டர்காரர் சிரிப்பார். டிவிக்காரர் நேரம் தரமாட்டார். நான் படித்த காமர்ஸ் மூளைக்கு அவர்கள் கண்டுபிடித்த வழி ரொம்பவே பிடித்தது. கல்லூரி!

ஹால் வாடகை கிடையாது. புரொஜக்டர் அங்கேயே இருக்கும். நாற்காலி இருக்கும். முக்கியமாக, சாயங்காலம் என்ன செய்வதென்று தெரியாமல் ஐந்நூறு பேர் இருப்பார்கள். அவர்களிடம் பணம் இல்லை. ஆனால் நேரம் உண்டு, கோபம் உண்டு, ஒவ்வொருவருக்கும் பத்து சிநேகிதர்கள் உண்டு. விநியோகஸ்தருக்குப் பங்கு தர வேண்டாம். போஸ்டர் செலவு வேண்டாம். ஒரு காட்சி முடிந்தால் அடுத்த கல்லூரிக்கு அவர்களே சொல்லி வைப்பார்கள்.

அமெரிக்காவை ஏரியா ஏரியாவாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு வேன். வேனில் நாலைந்து தொண்டர்கள். 'ரோடீஸ்' என்று பெயர். சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். கல்லூரி, பள்ளிக்கூடம், தேவாலயம் என்று எங்கே கதவு திறந்ததோ அங்கே படம் போட்டார்கள். எல்லாம் இலவசம். வெளியே ஒரு மேஜை. அதில் டிவிடி, டி-ஷர்ட், உகாண்டாவில் பின்னிய கைவளையம். விருப்பப்பட்டால் வாங்கலாம். பிற்பாடு உகாண்டா இளைஞர்கள் சிலரும் உடன் வந்து மேடையில் பேசினார்கள்.

நம் ஊர்ப் பொம்மலாட்டக் கோஷ்டி மாதிரிதான். திருவிழா இருக்கிற ஊருக்கெல்லாம் மூட்டை முடிச்சோடு போவது.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. 2006 ஏப்ரல் 29 அன்று ராத்திரி, 130 நகரங்களில் ஏறக்குறைய 80 ஆயிரம் பேர் வீட்டை விட்டு நடந்து போய்த் தெருவில் படுத்தார்கள். குலுவின் பிள்ளைகள் மாதிரியே. பெரும்பாலும் படம் பார்த்த மாணவர்கள்.

அடுத்து, கோனியைப் பிடிக்க அமெரிக்கா உதவ வேண்டும் என்று ஒரு மசோதா. 2010ல் அது செனட்டில் ஒரே ஒரு ஆளிடம் மாட்டிக்கொண்டு நின்றது. ஓக்லஹோமாவின் செனட்டர் டாம் கோபர்ன். செலவுக்குப் பணம் எங்கிருந்து என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பையன்கள் விடவில்லை. ஓக்லஹோமா சிட்டியில் அவருடைய அலுவலக வாசலில் கொட்டும் குளிரில் 11 நாள் படுத்துக் கிடந்தார்கள். மனிதர் இறங்கி வந்தார். மசோதா நிறைவேறியது. 2010 மே 24 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். 2011 அக்டோபரில் சுமார் நூறு அமெரிக்க ராணுவ ஆலோசகர்களை மத்திய ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதாகவும் அறிவித்தார்.

யோசித்துப் பாருங்கள். செமினார் ஹாலில் போட்ட ஓசிப் படம். ஏழெட்டு வருடங்களில் ஒரு வல்லரசின் ராணுவத்தை நகர்த்தியிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட தாளுக்கு இந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இத்தோடு முடித்துக்கொண்டால் இது ஒரு சுயமுன்னேற்றக் கட்டுரை. ஆனால் முடியவில்லை.

*

படத்தில் இல்லாதது என்ன என்று கொஞ்சம் பார்க்கலாம்.

முதலாவது, முகாம்கள். 1996லிருந்து உகாண்டா அரசாங்கம் வடக்கத்திக் கிராம மக்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லி முகாம்களில் கொண்டுபோய் அடைத்தது. பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். உச்சக்கட்டத்தில் சுமார் 18 லட்சம் பேர் வீடிழந்து கிடந்தார்கள். தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, விவசாயம் செய்ய வழியில்லை. 2005ல் எடுத்த ஒரு கணக்கெடுப்பு, வாரத்துக்குச் சுமார் ஆயிரம் பேர் சாக வேண்டிய அவசியமே இல்லாமல் அங்கே சாகிறார்கள் என்றது. மலேரியா, எய்ட்ஸ், வயிற்றுப்போக்கு. கோனியின் கத்திக்குத் தப்பியவர்களைக் கொசுவும் அழுக்குத் தண்ணீரும் கொன்றன. அந்த முகாம்களுக்குப் பொறுப்பு யார்? முசெவேனி அரசு. கோனியைப் பிடிக்க அமெரிக்கா யாருக்கு உதவி செய்தது? அதே முசெவேனி அரசுக்கு.

இரண்டாவது, காலம். 2005ல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் கோனிக்கும் அவரது நாலு தளபதிகளுக்கும் பிடிவாரண்ட் போட்டது. அந்த நீதிமன்றம் பிறப்பித்த முதல் வாரண்டுகளே அவைதான். 2006ல் எல்.ஆர்.ஏ. உகாண்டாவை விட்டு வெளியேறி காங்கோ காடுகளுக்குப் போய்விட்டது. சமாதானப் பேச்சு நடந்தது. கையெழுத்துப் போடும் நாளில் கோனி வரவில்லை. 2008 டிசம்பரில் அமெரிக்க உதவியோடு உகாண்டா ராணுவம் காங்கோ காட்டில் அவர் முகாம்மீது குண்டு போட்டது. கோனி தப்பிவிட்டார். அப்புறம் கிறிஸ்துமஸ் நாள் தொடங்கிச் சில வாரங்களுக்குள் எல்.ஆர்.ஏ. பழிக்குப் பழியாகக் கொன்றது 800க்கும் மேற்பட்ட காங்கோ கிராமவாசிகளை.

ராணுவத்தை அனுப்பு என்று கேட்பது சுலபம். பதிலடி விழுவது கேட்டவன் வீட்டில் அல்ல.

இந்தச் சிக்கலையெல்லாம் ஒரு மணி நேரப் படத்துக்குள் சொல்ல முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியாதுதான். அடுத்த படம் அரை மணி நேரம்.

*

2012 மார்ச் 5. 'கோனி 2012' என்று ஒரு படத்தை இணையத்தில் ஏற்றினார்கள். செமினார் ஹால் எல்லாம் இனி எதற்கு? உலகமே ஹால். ஆறே நாளில் பத்துக் கோடித் தடவை பார்க்கப்பட்டது. அதுவரை எந்த வீடியோவும் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை.

படத்தில் ரஸ்ஸல் தன் சின்ன மகனிடம் கோனியின் புகைப்படத்தைக் காட்டி, இவர்தான் கெட்டவர் என்று விளக்குகிறார். அந்த விளக்கம்தான் படமே. கோனியை உலகப் பிரபலம் ஆக்கிவிட்டால் பிடித்துவிடலாம் என்பது வாதம். 30 டாலர் கொடுத்தால் போஸ்டர், கைவளையம், டி-ஷர்ட் அடங்கிய ஒரு பெட்டி வரும். ஏப்ரல் 20 ராத்திரி ஊரெல்லாம் போஸ்டர் ஒட்ட வேண்டும்.

இரண்டே நாளில் விமர்சனங்கள் கிளம்பின. கோனி உகாண்டாவில் இல்லை, ஆறு வருடமாகிவிட்டது, குலுவில் பிள்ளைகள் இப்போது வீட்டில்தான் தூங்குகிறார்கள் என்று உகாண்டா பத்திரிகையாளர்களே எழுதினார்கள். வெள்ளைக்காரர்கள் மீட்பர் வேஷம் கட்டுவதையே ஒரு தொழிலாக்கிவிட்டார்கள் என்று நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் டேஜு கோல் சாடினார்.

என்னை மாதிரி ஆட்கள் வேறெங்கே போவார்கள்? வரவு செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முந்தைய வருடம் அந்த நிறுவனம் செலவழித்தது ஏறக்குறைய 90 லட்சம் டாலர். அதில் ஆப்பிரிக்காவில் நேரடிப் பணிகளுக்குப் போனது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. மீதி படம், பயணம், சம்பளம், பிரசாரம். பிரசாரம் செய்வதுதான் எங்கள் வேலையே என்றார்கள் அவர்கள். அதுவும் பொய்யில்லை. கணக்கில் தில்லுமுல்லு ஏதும் இல்லை. ஆனால் படம் பார்த்துவிட்டு 30 டாலர் கொடுத்த மாணவி, அது உகாண்டாவில் ஒரு பிள்ளைக்குப் போகிறது என்றல்லவா நினைத்திருப்பாள்?

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படத்தில் அழுத அந்தச் சிறுவன் ஜேக்கப், அப்போது வளர்ந்து கம்பாலாவில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். படம் எடுத்ததில் தப்பில்லை, எங்கள் கதை இப்போதாவது தெரிந்ததே என்று அவர் ஆதரித்துப் பேசினார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

ஆனால் அந்த ஊரில் அவர் ஒருவர் மட்டும் இல்லையே.

*

2012 மார்ச் 13. லிரா நகரம். அபோக்கே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஊர் என்றேனே, அதே லிரா. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பார்லோன்யோ என்று ஒரு முகாம். 2004 பிப்ரவரி 21 அன்று ஒரே மாலையில் எல்.ஆர்.ஏ. அங்கே முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பலர் குடிசைக்குள் இருந்தபடியே எரிந்து போனார்கள்.

லிராவில் விக்டர் ஓச்சென் என்பவர் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திவந்தார். முகாம்களிலேயே வளர்ந்தவர். உலகமே எங்களைப் பற்றிய படம் பார்க்கிறது, எங்கள் ஜனங்களிடம் இணையம் இல்லை, அவர்களும் பார்க்கட்டும் என்று நினைத்தார். ஒரு பூங்காவில் கம்பம் நட்டு வெள்ளைத் துணியைக் கட்டினார். ரேடியோவில் அறிவிப்பு வந்தது. இலவசம்.

ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தூரத்துக் கிராமங்களிலிருந்து நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், கடத்தப்பட்டுத் திரும்பியவர்கள், உதடும் காதும் அறுபட்டவர்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள், தங்கள் கதையைப் பார்க்க.

படம் ஓடியது. தொடக்கத்தில் ஓர் அமெரிக்கக் குழந்தை பிறக்கிறது. அப்புறம் அந்தக் குழந்தையின் அப்பா பேசுகிறார். அமெரிக்க மாணவர்கள் கை உயர்த்துகிறார்கள், போஸ்டர் ஒட்டுகிறார்கள். கோனியின் முகம் வருகிறது. பெரிதாக. டி-ஷர்ட்டில் அவன் பெயர். கைவளையத்தில் அவன் பெயர்.

நாங்கள் எங்கே என்று தேடினார்கள். இல்லை.

முதலில் முணுமுணுப்பு. அப்புறம் சத்தம். அப்புறம் கல். கூட்டம் சிதறி ஓடியது. மேற்கொண்டு மற்ற ஊர்களில் காட்டுவதாக இருந்த திட்டத்தையே ஓச்சென் நிறுத்திவைத்தார். அங்கிருந்த பெண் ஒருவர் பத்திரிகையாளரிடம் சொன்ன கருத்து முக்கியமானது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் போய் ஒசாமா பின் லேடன் படம் போட்ட சாமான்களை விற்றால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது இது என்றார்.

எட்டு வருடம் ஆயிரக்கணக்கான ஹால்களில் கைதட்டல் வாங்கியவர்களின் படம். படத்துக்குச் சொந்தக்காரர்கள் முன்னால் ஒரே ஒரு தடவை போட்டதும் கல் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து ரஸ்ஸல், ஓய்வில்லாத அலைச்சலும் வசவுகளும் சேர்ந்து, மனநிலை பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். அதையும் உலகம் வீடியோவாகப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கிற விஷயமில்லை அது. ஏப்ரல் 20 ராத்திரி போஸ்டர் ஒட்ட வந்தவர்கள் சொற்பம். பத்துக் கோடி எங்கேயோ கரைந்துவிட்டது. வேனில் வந்து, உடன் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் செனட்டர் வாசலில் 11 நாள் குளிரில் கிடந்தார்கள். விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தவர்கள் விரலால் அடுத்ததுக்குப் போய்விட்டார்கள்.

*

அப்புறம் என்ன ஆயிற்று?

2014 இறுதியில் இன்விசிபிள் சில்ட்ரன் தன் பிரசாரக் கடையைக் கட்டுவதாக அறிவித்தது. ஆனால் அதிகம் பேர் பார்க்காத ஒரு நல்ல வேலையையும் அவர்கள் செய்திருந்தார்கள். காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் கிராமத்துக்குக் கிராமம் ரேடியோ கருவி வைத்து, எல்.ஆர்.ஏ. வருகிறது என்றால் பக்கத்து ஊருக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிற ஏற்பாடு. வீட்டுக்கு வாருங்கள், மன்னிக்கத் தயார் என்று காட்டுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு எஃப்.எம்.மில் ஒலிபரப்பு. இதற்கு டி-ஷர்ட் கிடையாது. ஆனால் இதில் சிலர் உயிர் பிழைத்தார்கள், சிலர் வீடு திரும்பினார்கள்.

2017ல் அமெரிக்கா கோனி வேட்டையை நிறுத்திக்கொண்டது. ஏறக்குறைய 80 கோடி டாலர் செலவு. கோனி கிடைக்கவில்லை.

ஆனால் 2015 ஜனவரியில் டொமினிக் ஓங்வென் என்கிற தளபதி சரணடைந்திருந்தார். இவர் யார் தெரியுமா? ஒன்பது, பத்து வயதில், பள்ளிக்கூடம் போகிற வழியில் எல்.ஆர்.ஏ. பிடித்துக்கொண்டு போன பிள்ளை. அந்த இலவசப் படம் யாருக்காக நம்மை அழச் சொன்னதோ, அதே பிள்ளை. வளர்ந்து, தளபதியாகி, முகாம்களைத் தாக்கி, அதே வயதுப் பிள்ளைகளைக் கடத்தியவர். 2021ல் 61 குற்றங்களில் தண்டிக்கப்பட்டு 25 வருடச் சிறை விதிக்கப்பட்டது. நல்லவர், கெட்டவர் என்று மகனுக்குப் படம் காட்டி விளக்கினாரே ரஸ்ஸல், ஓங்வெனின் படத்தை வைத்து எப்படி விளக்கியிருப்பார்?

2024 பிப்ரவரியில் ஓங்வெனால் பாதிக்கப்பட்ட சுமார் 50 ஆயிரம் பேருக்கு ஆளுக்கு 750 யூரோ இழப்பீடு என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அவரிடம் பணமில்லை. நன்கொடை திரட்டித்தான் கொடுக்க வேண்டும். 2025 செப்டம்பரில், கோனி இல்லாமலேயே கோனி மீதான குற்றச்சாட்டுகளை விசாரித்தார்கள். அப்போதும் அவர் பிடிபட்டிருக்கவில்லை.

கடைசியாக இன்னொரு இலவசக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

2016 டிசம்பர் 6. நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓங்வென் மீதான விசாரணை தொடங்கிய நாள். அன்றைக்கு வட உகாண்டாவின் கிராமங்களில் திரை வைத்து, நீதிமன்ற நடவடிக்கையை நேரடியாகக் காட்டினார்கள். லுகோடி அதில் ஒரு கிராமம். 2004 மே மாதம் எல்.ஆர்.ஏ. அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற இடம். ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். பின்னணி இசை இல்லை. கதாநாயகன் இல்லை. கறுப்பு அங்கி போட்ட வக்கீல்கள் மணிக்கணக்கில் ஊர் ஊராகப் பெயர் சொல்லி, என்ன நடந்தது என்று வாசித்துக்கொண்டே போனார்கள். சினிமாவாகப் பார்த்தால் படு போர்.

அதில் தங்கள் ஊர்ப் பெயர் வந்தது. கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் கல் எடுக்கவில்லை.

அடுத்த தடவை உங்கள் மகனோ மகளோ கல்லூரியில் ஒரு டாகுமெண்டரி பார்த்துவிட்டுக் கண் சிவக்க வீட்டுக்கு வந்தால், தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். அந்தக் கண்ணீர் நிஜம். குலுவில் பிள்ளைகள் நடந்தது உலகத்துக்குத் தெரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஒன்றை மட்டும் கேளுங்கள். படத்தில் இருந்தவர்கள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்களா? பார்த்துவிட்டு என்ன சொன்னார்களாம்?

திண்ணையில் உட்கார்ந்து அழாமல் பேசிய அந்தப் பாட்டியைப் பற்றி நான் கேட்காமல் விட்ட கேள்வி. அன்றைக்கு எங்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர் அவர்தான்.